ஓர் அடிக்கு ஒரு நூல்: வேலூரில் பாய்மரப் போர்க்கப்பல் செய்யத் தொடங்குவோருக்கு

வேலூரில் உட்கார்ந்து மரத்தில் கப்பல் செய்கிறோம் என்றால் முதலில் வருகிற கேள்வி, "கடலே இல்லாத ஊர்ல எதுக்குங்க கப்பல்?" என்பதுதான். மாதிரிக் கப்பலுக்குக் கடல் வேண்டாம். காய்ந்த மரமும் மட்டமான மேசையும் கூர்மையான உளியும் போதும். மூன்றும் இங்கே கிடைக்கின்றன.

இன்னொரு கேள்வியும் வரும். 1806 ஜூலை 10 அன்று நம் கோட்டையில் சிப்பாய்கள் யாரை எதிர்த்து எழுந்தார்களோ, அந்த வெள்ளைக்காரனின் போர்க்கப்பலையா செய்வது? நியாயமான கேள்வி. அதற்குப் பதில் எந்தக் கப்பலைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் இருக்கிறது.

எந்தக் கப்பல்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி கப்பலைத்தான் கேட்கிறார்கள். 1765இல் நீரில் இறங்கியது, 1805 டிரஃபால்கர் போரில் முன்நின்றது, 104 பீரங்கி, மூன்று அடுக்கு. பார்க்கப் பார்க்க அலுக்காத கப்பல். ஆனாலும் முதல் கப்பலாக அது வேண்டாம். பீரங்கி வாசல்களை மூன்று வரிசையாக, ஒன்றுக்கொன்று பிசகாமல் இருபுறமும் எடுக்க வேண்டும். பாதி வேலையில் மூட்டை கட்டிப் பரணில் போட்ட விக்டரிகள் உலகம் முழுக்க உண்டு.

ஒரே அடுக்கில் முக்கியப் பீரங்கிகள் உள்ள ஃப்ரிகேட் வகைக்குப் போங்கள். அதிலும் என் பரிந்துரை எச்.எம்.எஸ். டிரிங்கோமலி. திருகோணமலையின் பெயரைத் தாங்கிய இந்தக் கப்பல் இங்கிலாந்தில் கட்டப்பட்டதல்ல. பம்பாய்க் கப்பல் தளத்தில் ஜம்ஷெட்ஜி போமன்ஜி வாடியா என்ற பார்சி தலைமைத் தச்சரின் கீழ், மலபார்த் தேக்கில், நம் நாட்டுத் தச்சர்கள் கட்டியது. 1817 அக்டோபரில் நீரில் இறங்கியது. அதன் முதல் வரைபடங்களை ஏற்றிவந்த ஜாவா என்ற கப்பலை, 1812 டிசம்பரில் பிரேசில் அருகே அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் கப்பல் அடித்து வீழ்த்திவிட்டது. வரைபடங்களை மறுபடி அனுப்ப வேண்டியதாயிற்று. இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் அது தண்ணீரில் மிதந்துகொண்டே நிற்கிறது. தேக்கும் அதைச் செதுக்கிய கைகளும் அப்படிப்பட்டவை. "வெள்ளைக்காரன் கப்பலா?" என்று கேட்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

வேலைக்கும் இது வசதி. கப்பல் இன்றும் இருப்பதால் எந்த மூலைக்கும் படம் கிடைக்கும். இது லீடா வகை ஃப்ரிகேட். அந்த வகையின் வரைபடங்கள் கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன, நகல் வாங்கலாம். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். 1840களில் இந்தக் கப்பலைச் சீரமைத்தபோது பின்புறத்தின் வடிவத்தை மாற்றி, பீரங்கிகளைக் குறைத்து, 26 பீரங்கிக் கார்வெட் (ஃப்ரிகேட்டுக்கு அடுத்த சிறிய வகை) ஆக்கினார்கள். 1817 வரைபடத்தை வைத்துக்கொண்டு இன்றைய படத்தைப் பார்த்துச் செய்தால் இரண்டும் ஒட்டாது. எந்த வருடத்துக் கப்பல் என்பதை முதல் நாளே முடிவுசெய்து, வரைபடத்தின் மேலேயே எழுதிவிடுங்கள். இந்தக் கட்டுரை 1817ஐ எடுத்துக்கொள்கிறது.

அளவு

1:96 அளவில் செய்யுங்கள். காரணம் எளிது. நம் தச்சர் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 8 நூல். 1:96இல் நிஜக் கப்பலின் ஓர் அடி, மாதிரியில் சரியாக ஒரு நூல். கால்குலேட்டரே தேவையில்லை. பீரங்கித் தளத்தின் நீளம் சுமார் 150 அடி, அதாவது 150 நூல், பதினெட்டே முக்கால் அங்குலம். அகலம் சுமார் 40 அடி, அதாவது ஐந்து அங்குலம். முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பத்தையும் சேர்த்தால் இரண்டடிக்கு மேல் போகும். வீட்டு அலமாரிக்கு அடங்கும். ஐந்தரை அடி மனிதன் ஐந்தரை நூல் உயரம். அட்டையில் அப்படி ஒரு ஆளை வெட்டி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டு, கைப்பிடி, கதவு எதைச் செய்தாலும் பக்கத்தில் அவனை நிறுத்திப் பார்த்தால் அளவு தவறியது உடனே கண்ணில் படும்.

நிஜ அளவு மனதில் பதிய ஒரு வழி உண்டு. கோட்டை அகழி ஓரமாக 150 அடி அளந்து, இரு முனையிலும் ஆளை நிறுத்திப் பாருங்கள். அவ்வளவு நீளம், அதில் 40 அடி அகலம், அதற்குள் முந்நூறு பேர் அளவில் மாலுமிகள். அதன் பிறகு வரைபடத்தைப் பார்க்கும் கண்ணே வேறாக இருக்கும்.

(இந்தக் கட்டுரையில் நூல் என்றால் அளவு. கட்டுகிற நூலை இழை என்று எழுதுகிறேன்.)

சாமான்கள்

தச்சுப் பட்டறைச் சாமான் இந்த வேலைக்குப் பெரிது. நகை செய்யும் பத்தர்களுக்குச் சாமான் விற்கும் கடைக்குப் போங்கள். வில் ரம்பமும் மெல்லிய பிளேடுகளும், ஊசி அரம் ஒரு செட்டு, சாமணம் இரண்டு (ஒன்று நேர், ஒன்று வளைந்தது), அரை மில்லிமீட்டரிலிருந்து துளையிடும் கைத்துரப்பணம், இவை போதும். இதோடு ஸ்டீல் ஸ்கேல், சிறிய மூலைமட்டம், பிளேடு கத்தி, 120, 220, 400 எண் உப்புத்தாள், ஃபெவிகால். துணி மாட்டும் கிளிப் நிறைய வேண்டும், டஜன் கணக்கில் வாங்குங்கள். கால் அங்குலத்துக்குக் குறையாத கனத்தில் ஒரு கண்ணாடித் துண்டும் வேண்டும். நம் வீட்டு மேசைகள் எதுவும் மட்டமல்ல, கண்ணாடி மட்டம்.

மின்சாரக் கருவிகள் இப்போதைக்கு வேண்டாம்.

மரம்

நிஜக் கப்பல் தேக்கு என்பதால் மாதிரியும் முழுக்கத் தேக்கில்தான் என்று பலர் பிடிவாதம் பிடிக்கிறார்கள். தேக்கின் நுண்துளைகள் பெரியவை. 1:96இல் ஒரு துளை நிஜக் கப்பலில் ஓரிரு அங்குலப் பள்ளமாகத் தெரியும். நுண்ணிய ரேகையுள்ள மரம்தான் சிறிய அளவில் பெரிய கப்பலின் தோற்றத்தைத் தரும். அந்த வகையில் வெட்பாலைக்கு நிகரில்லை. வெள்ளையாக, இறுக்கமாக, உளிக்கு வெண்ணெயாக விட்டுக்கொடுக்கும். சென்னப்பட்டணத்து மரப்பொம்மைகள் அந்த மரத்தில்தான் கடையப்படுகின்றன. செதுக்கு வேலைக்கும் மேல்தளப் பலகைக்கும் அதை வையுங்கள்.

வெளிப்பலகைக்குத் தேக்கு நிறம் வேண்டும் என்றால் பிளைவுட் கடையில் தேக்கு வெனீர் (தாள் போல மெல்லிய மரத்தகடு) கேளுங்கள். வாங்கும்போது விரித்துப் பார்த்து, நேர் ரேகை உள்ளதாக எடுங்கள். வளைந்து வளைந்து கோபுரம் கோபுரமாக ஓடும் ரேகை கதவுக்கு அழகு. கப்பலில் ஒட்டினால் கேவலமாக இருக்கும். எலும்புக்கூட்டுக்கு 4 மில்லிமீட்டர் நல்ல பிளைவுட். உள்பலகைக்கு, அதாவது வெனீருக்கு அடியில் வரும் முதல் அடுக்குக்கு, மலைவேம்பு அல்லது சில்வர் ஓக், ஒன்றரை மில்லிமீட்டர் கனம். இவ்வளவு மெல்லிசாக மரம் அறுக்கும் மில்லில் கிழித்துத் தரமாட்டார்கள். வட்ட ரம்பம் வைத்திருக்கும் மரச்சாமான் பட்டறையில், மாலை வேலை ஓய்ந்த நேரத்தில் போய், "அண்ணா, அரை நூல் கனத்துல ரெண்டடி நீளப் பட்டை கிழிச்சுத் தர்றீங்களா?" என்று கேளுங்கள். மில்லிமீட்டரில் கேட்டால் யோசிப்பார்கள். நூலில் கேட்டால் உடனே பிடிபடும்.

சந்தனம், செம்மரம் பக்கமே போகவேண்டாம். ஜவ்வாது மலை அடிவாரத்தில் யாராவது சும்மா ஒரு துண்டு தந்தாலும் வாங்காதீர்கள். அழகுக்காக ஆசைப்பட்டு வனத்துறை வழக்கில் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு இது வேலையில்லை.

வாங்கிய மரத்தை உடனே அறுக்காமல், வேலை செய்யப்போகும் அதே அறையில் சில வாரம் கிடத்துங்கள். ஐப்பசி மழையில் ஈரம் குடித்த பட்டையை ஒட்டினால் அக்னி நட்சத்திரத்தில் வாய் பிளக்கும். நம் ஊர் வெயில் மரத்துக்கு வைக்கும் பரீட்சை கடுமையானது.

எலும்புக்கூடு

இந்த வேலையின் உயிர் இங்கேதான். பாய்மரமும் கயிறும்தான் பார்க்கிறவர் கண்ணை இழுக்கும். ஆனால் கப்பல் கப்பலாக நிற்பதும் பொம்மையாகப் போவதும் பலகை ஒட்டுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கச் சொல்வேன்.

நடுவில் நீளவாக்கில் ஏரா, அதாவது அடிமுதுகெலும்பு. அதன் குறுக்கே வங்குகள், விலா எலும்பு மாதிரி. ஒன்றேகால் அங்குலத்துக்கு ஒன்றாக 15 வங்கு வரும். வரைபடத்தில் குறுக்குவெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்திருக்கும். வலப்பாதி கப்பலின் முன்புறம், இடப்பாதி பின்புறம். ஒவ்வொன்றையும் தனித்தனியே பாதியாகப் பிரதியெடுத்து, தாளை நடுவில் மடித்து வெட்டினால் இருபக்கமும் ஒன்றாக வரும். ஒருபோதும் முழு வடிவத்தைக் கையால் வரையாதீர்கள்.

வெட்டும் முன் ஒரு கழித்தல் கணக்கு. அன்றைய வரைபடங்கள் பெரும்பாலும் பலகைக்கு உள்ளே, வங்கின் வெளிவிளிம்பைக் காட்டுபவை. நிஜக் கப்பலின் பலகை மூன்று நான்கு அங்குல கனம். நம் அளவில் ஒரு மில்லிமீட்டர். நாம் ஒட்டப்போவதோ ஒன்றரை மில்லிமீட்டர் உள்பலகை, அதன்மேல் அரை மில்லிமீட்டர் வெனீர், ஆக இரண்டு. எனவே வங்கின் விளிம்பை எல்லாப் பக்கமும் ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வெட்டுங்கள். இதை விட்டால் கப்பல் கொஞ்சம் ஊதிப்போய் நிற்கும். எங்கே தப்பு என்றும் கண்டுபிடிக்க முடியாது.

ஏராவின் இருபுறமும், முதல் பலகை வந்து உட்காரும் இடத்தில், ஒட்டுவதற்கு முன்பே காடி (நீளப் பள்ளம்) எடுத்துவிடுங்கள். ஒட்டிய பிறகு அங்கே உளி நுழையாது.

ஏராவைக் கண்ணாடிமேல் நிமிர்த்தி, இருபக்கமும் மரக்கட்டை முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். வங்கு ஒவ்வொன்றையும் மூலைமட்டம் வைத்துப் பார்த்து, முதலில் பசையில்லாமல் எல்லாவற்றையும் செருகுங்கள். பிறகு ஓர் இழையை எடுத்து, அணியத்தின், அதாவது கப்பல் முன்புறத்தின், நுனியிலிருந்து ஒவ்வொரு வங்கின் இடமுனைக்கும் வலமுனைக்கும் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக வந்தால்தான் பசை. அரை நூல் வித்தியாசம்கூடப் பின்னால் பாய்மரத்தைச் சாய்த்துவிடும்.

பசை காய்ந்ததும் சாய்வு இழைத்தல். வங்குகளின் விளிம்பு இப்போது சதுரமாக இருக்கும். கப்பலோ முன்னும் பின்னும் குறுகுகிறது. அதனால் முன்பாதி வங்குகளில் முன்விளிம்பையும், பின்பாதி வங்குகளில் பின்விளிம்பையும் இழைத்துச் சாய்க்க வேண்டும். விளிம்பு முழுக்கப் பென்சிலால் கருப்படியுங்கள். ஓர் அடி நீளச் சட்டத்தில் உப்புத்தாளை ஒட்டி, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வங்குகளின்மேல் படுமாறு, பலகை ஓடப்போகும் திசையிலேயே தேயுங்கள். பென்சில் கரி விளிம்பின் முழு அகலத்திலும் தேய்ந்து போகும்வரை தேய்க்க வேண்டும். அவ்வப்போது ஒரு மெல்லிய பட்டையை நான்கு வங்குகளின்மேல் வளைத்து வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அடியில் எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அந்த வங்கு தாழ்ந்திருக்கிறது. மெல்லிய சீவலை ஒட்டி உயர்த்துங்கள். பட்டை தட்டினால் எங்கும் துள்ளக்கூடாது. கையால் தடவிப் பார்த்தாலும் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு தடவினால் இன்னும் நன்றாகத் தெரியும்.

முதல் இரண்டு வங்குகளுக்கு நடுவிலும் கடைசி இரண்டுக்கு நடுவிலும் மென்மரக் கட்டை வைத்து நிரப்பி, அதையும் சேர்த்து இழைத்துவிடுங்கள். பலகை கடுமையாக வளையும் இடங்கள் அவைதான். பிடிப்பு வேண்டும்.

பலகை ஒட்டுதல்

பீரங்கி வாசல்களின் இடத்தை முதலில் குறியுங்கள். முக்கியத் தளத்தில் 18 பவுண்டர் (18 பவுண்டு எடைக் குண்டு சுடும்) பீரங்கி 28, பக்கத்துக்கு 14. வாசலின் மேல், கீழ் விளிம்புகள் தளத்தின் மெல்லிய வளைவோடு ஓட வேண்டும். பக்க விளிம்புகள் செங்குத்தாக நிற்க வேண்டும். நான்கு பக்கமும் மூலைமட்டத்தில் வைத்துச் சதுரமாக வெட்டினால் வரிசை உடைந்து தெரியும்.

உள்பலகையை வாசல் வரிசைக்குக் கீழே தொடங்கிக் கீழ்நோக்கி வாருங்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, மாற்றி மாற்றி. ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டே போனால் காயும் பசை இழுத்து, கப்பல் வாழைப்பழமாக வளைந்துவிடும்.

பட்டை ஒரு நூல் அகலம். இப்போது பலரும் தடுமாறும் இடம். கப்பலின் நடுவில், மேல்விளிம்பிலிருந்து ஏரா வரை ஒரு தாள் நாடாவை ஒட்டி அளந்து பாருங்கள். 36 நூல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம், 36 பலகை. அதே நாடாவை அணியத்தில் வைத்தால் 24 நூல்தான் வரும். 36 பலகையும் 24 நூலுக்குள் அடங்க வேண்டும். அதாவது ஒவ்வொரு பலகையும் நுனியில் மூன்றில் இரண்டு பங்காகக் குறுக வேண்டும். இதைச் செய்யாமல் முழு அகலத்தில் ஒட்டினால் பலகைகள் மேல்நோக்கி ஏறி, நுனியில் ஒன்றன்மேல் ஒன்று படியும். நாடாவை ஒவ்வொரு வங்கிலும் வைத்து அளந்து, 36ஆல் வகுத்து, வங்கின்மேலேயே கோடு போட்டுவிட்டால் பிறகு யோசனையே இல்லை. கோட்டுக்குக் கோடு பலகையைச் சீவி உட்கார வைப்பதுதான் வேலை. எந்தப் பலகையும் பாதி அகலத்துக்குக் கீழே போகக்கூடாது. போகும்போல இருந்தால் இரண்டு பலகையை ஒன்றில் முடியுங்கள். பின்புறத்தில் இதற்கு நேர்மாறு. இடைவெளி விரியும், அங்கே கூடுதலாக ஒரு முக்கோணத் துண்டு செருக வேண்டிவரும். நிஜக் கப்பல் தச்சர்களும் இதைத்தான் செய்தார்கள்.

வளைக்க, பட்டையைக் கொதித்து இறக்கிய நீரில் கால் மணி நேரம் போட்டு, சூடான சால்டரிங் அயர்னின் உடம்பில் மெல்ல உருட்டுங்கள். வளைத்ததை அப்படியே வங்கில் கிளிப் போட்டுக் காயவிட்டு, முழுக்கக் காய்ந்த பிறகு எடுத்துப் பசை தடவுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் காயும்போது சுருங்கி இடுக்கு விடும். சித்திரையில் இதற்கு ஒரு பகல் போதும், கார்த்திகையில் அவசரப்படாதீர்கள்.

உள்பலகை முடிந்ததும் முழுவதையும் இழைத்து, பள்ளங்களை மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைத்து, வாசல்களை வெட்டித் திறந்துவிடுங்கள். அதன்மேல் வெனீர், அதே கணக்கு. நிஜப் பலகை முனைக்கு முனை ஒரே துண்டல்ல. இருபதிலிருந்து இருபத்தைந்து அடிக்கு ஒரு மூட்டு. நமக்கு மூன்று அங்குலத்துக்கு ஒரு மூட்டு. பக்கத்துப் பக்கத்துப் பலகையில் மூட்டுகள் ஒரே இடத்தில் விழாமல் மாற்றி வையுங்கள்.

நீர்க்கோட்டுக்குக் கீழே நிஜக் கப்பலுக்குச் செப்புத் தகடு வேய்ந்திருந்தார்கள், கடல் புழு துளைக்காமல் இருக்க. ஒரு தகடு நான்கடி நீளம். செப்பு டேப் வாங்கி நான்கு நூல் துண்டுகளாக வெட்டி ஒட்டலாம். முதல் கப்பலுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். அவ்வளவு உழைத்து ஒட்டிய பலகையை ஏன் மறைக்க வேண்டும்?

தளமும் பீரங்கியும்

தளத்துக்கு வெட்பாலைப் பட்டை, முக்கால் நூல் அகலம். ஒட்டும் முன் ஒவ்வொரு பட்டையின் ஓரத்தையும் பென்சிலால் ஒரு முறை இழுத்துவிட்டால், பலகைகளுக்கு நடுவே கீல் (தார்) அடைத்த கோடு போலவே வரும். மையினால் செய்யாதீர்கள், ஊறிப் பரவும்.

பீரங்கிக் குழல் எட்டு ஒன்பது அடி, எனவே ஓர் அங்குலம் அல்லது அதற்கு ஒரு நூல் கூட. ராணிப்பேட்டைப் பக்கம் சிறு லேத் பட்டறைகளில் பித்தளைக் கம்பியில் கடைந்து தரச் சொல்லலாம். மாதிரி ஒன்றை மரத்தில் செய்து எடுத்துப்போனால் பேச்சு சுலபம். 28ஐயும் ஒரே தடவையில் கடையச் சொல்லுங்கள், ஒன்றுபோல் இருக்கும். ஈயத்தில் வார்த்த பீரங்கி வேண்டாம். மூடிய பெட்டிக்குள் மரமும் பசையும் விடும் புளித்த ஆவி ஈயத்தை மெல்ல அரித்து வெள்ளைப் பொடியாக்கும்.

பாய்மரமும் கயிறும்

மூன்று மரம். நட்டுக்குத்தாக நடாதீர்கள்; முன்மரம் ஏறக்குறைய நேர், நடுமரம் சற்றுப் பின்சாய்வு, பின்மரம் இன்னும் கொஞ்சம். கோணத்தை வரைபடத்திலிருந்து அட்டையில் வெட்டி வைத்துச் சரிபாருங்கள். குறுக்கே வரும் பருமல்களில், அதாவது பாயைத் தொங்கவிடும் கட்டைகளில், மெல்லியவற்றுக்கு மூங்கில் நல்லது. ஊதுபத்திக் குச்சியைச் சீவினாலே போதும். நடுவில் தடித்து இருமுனையிலும் ஒடுங்க வேண்டும்.

பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகள் அசையாதவை. தார் பூசியவை, கருப்பு. பாயையும் பருமலையும் இயக்குபவை சணல் நிறம். இந்த நிற வேறுபாடு ஒன்றே பாதி அழகு. தையல் கடைப் பாலியஸ்டர் இழை போதும். ஆம்பூர்ப் பக்கம் கிடைக்கும் தோல் தைக்கும் நைலான் இழை வலுவானதுதான், ஆனால் தடிப்பும் பளபளப்பும் அதிகம். நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு வாங்கி இழையை அதன்மேல் இழுத்துவிடுங்கள். பிசிறு அடங்கும், தூசி ஒட்டுவது குறையும்.

பக்கக் கயிறுகளை முன்மரத்திலிருந்து, வலப்பக்கம் ஒரு ஜோடி, இடப்பக்கம் ஒரு ஜோடி என்று போடுங்கள். அன்றைய மாலுமிகளின் முறையும் அதுதான். அவற்றின் மேல்தான் முன்னே இழுக்கும் கயிறு வரும். இழுவை மட்டாக இருக்கட்டும். விறைப்பாகக் கட்டினால் மரம் வில்லாக வளைந்து, எதிர்ப்பக்கக் கயிறு தொய்யும். மாலுமிகள் ஏறும் ஏணிக்கயிற்றின் படிகள் ஒரு நூலுக்குச் சற்று மேல் இடைவெளி. கோடு போட்ட தாளைப் பின்னால் வைத்துக்கொண்டு கட்டுங்கள். ஒரே மூச்சில் உட்கார்ந்து கட்டாதீர்கள். கண் களைத்தால் படிகள் சாயும்.

துணிப்பாய் வேண்டாம் என்பது என் கருத்து. எவ்வளவு மெல்லிய மஸ்லினும் இந்த அளவில் போர்வையாகத் தெரியும். வெறும் மரமும் கயிறும் நிற்கட்டும்.

கண்ணாடிப் பெட்டி

பாலீஷ் போட்டு முடித்த வாரமே பெட்டி தயாராக இருக்க வேண்டும். கயிற்றில் ஒருமுறை தூசி படிந்தால் எடுப்பது பெரும்பாடு. பெட்டியை இறுக மூடாமல், அடிப்பலகையில் நாலைந்து சிறு துளை போட்டு, பூச்சி நுழையாதபடி உள்ளிருந்து வலை ஒட்டுங்கள். மேற்குச் சுவரில் வைக்காதீர்கள். வேலூரில் மாலை வெயில் வாங்கிய சுவர் இரவு முழுக்கச் சூடு விடும். அது மரத்துக்கும் ஆகாது, பசைக்கும் ஆகாது. வடக்குச் சுவர் சிறந்தது, கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, தளம் தெரிகிற உயரத்தில். கப்பலின் பெயர், நீரில் இறங்கிய வருடம், 1:96 என்ற அளவு ஆகியவற்றோடு ஜம்ஷெட்ஜி போமன்ஜி வாடியாவின் பெயரையும் ஒரு சிறிய பித்தளைத் தகட்டில் பொறித்து முன்னால் பதியுங்கள்.